அடிச்சுருதி

என்னுடைய பழைய வினைல் ரெக்கார்டு உறைகளின் வலது மேல்மூலையில் சின்னதாக ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கும். ஒன்றில் 4 என்று எழுதியிருக்கும், ஒன்றில் 5½, இன்னொன்றில் 1. லண்டனில் என்னோடு ட்ரம் அண்ட் பேஸ் போட்ட பையன்கள் அதை நான் கொடுத்த மதிப்பெண் என்றோ கடை விலை என்றோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தரைப் பவுணுக்கு இதை எந்தக் கடையில் வாங்கினாய் என்று ஒருவன் உண்மையாகவே விசாரித்தான். அது சுருதிக் கட்டை. அக்காவின் சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்து எழுதியது.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஈஸ்ட் ஹாமில் வரிசை வீடு ஒன்று. சனிக்கிழமை காலையில் கீழே முன்னறையில் அக்காவுக்குப் பாட்டு வகுப்பு நடக்கும். மேலே என் அறையில் கூல் எஃப்எம் ஓடும். 1991இல் ஹாக்னிப் பக்கம் உரிமம் இல்லாமல் தொடங்கிய நிலையம் அது. அடுக்குமாடிக் கூரையில் ஏரியல் கட்டுவார்கள், அதிகாரிகள் வந்து கழற்றுவார்கள், சில நாளில் வேறொரு கூரையிலிருந்து அதே சத்தம் வரும். அப்போது இந்த இசையை ஜங்கிள் என்றார்கள். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' ரெக்கார்டில் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த ட்ரம்ஸ் துண்டு ஒன்று உண்டு, சுமார் ஏழு விநாடி. அதை வெட்டி, வேகமேற்றி, மாற்றி அடுக்கி ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் செய்தார்கள். மேலே ட்ரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே பேஸ் அதில் பாதி வேகத்தில், அவசரமே இல்லாமல் நடக்கும். எனக்குப் பிடித்தது அந்த நடைதான்.

பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசில் 1996இல் இரண்டு பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வாங்கினேன். சோஹோவில் டார்ப்லே தெருவின் பிளாக் மார்க்கெட் ரெக்கார்ட்ஸ் கடைக் கீழ்த்தளத்தில் நின்று, வாரம் ஒன்றோ இரண்டோ ரெக்கார்டு. ஆறு மாதத்தில் இரண்டு ரெக்கார்டின் தாளத்தைப் பிசகாமல் சேர்த்து ஓட்டப் பழகிவிட்டேன். மிக்ஸிங் என்றால் அவ்வளவுதான் என்ற எண்ணம். ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த ரீச்சர் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, தாளமெல்லாம் வடிவாத்தான் நிக்குது. ஆனா மேல ரண்டு பேர் ரண்டு சுருதியில நிண்டு சண்டை பிடிக்கினம். உனக்குக் கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்ன பிறகு கேட்டது. அன்றிலிருந்து கேட்காமல் இருக்க முடியவில்லை.

அக்காவிடம் கெஞ்சி மின்சாரச் சுருதிப் பெட்டியை மேலே கொண்டுபோனேன். ரெக்கார்டை ஓடவிட்டு, ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்து, மற்றக் காதுக்குப் பக்கத்தில் பெட்டி. குமிழைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பேஸ் அதே சுரத்தில் இரண்டு ஸ்தாயி கீழே நிற்பது தெரியும். பெட்டி என்ன கட்டை காட்டுகிறதோ அதை ஒட்டுத்தாளில் எழுதுவேன். ஒரு கட்டை என்பது மேற்கத்தியக் கணக்கில் சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், நாலரை எஃப் ஷார்ப். ட்ரம் அண்ட் பேஸில் மூன்றும் நாலும் நாலரையும் ஐந்தும்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஏன் என்பது பின்னால் ஸ்பீக்கர்களோடு பழகிய பிறகு விளங்கியது. எஃப் சுரத்தின் தாழ்ந்த ஸ்தாயி சுமார் 43.65 ஹெர்ட்ஸ். கிளப்பின் பெரிய பேஸ் பெட்டிகள் அந்த இடத்தில் நெஞ்சைத் தள்ளும். அதற்கு நாலைந்து சுரம் கீழே, சி வரை போனால் 32.7 ஹெர்ட்ஸ், பல இடங்களில் வெறும் காற்றுதான் வரும். மேலே போனால் கேட்கும், உடம்பில் இறங்காது. பாடகர் தன் தொண்டைக்குக் கட்டை பார்ப்பதுபோல இந்த இசை ஸ்பீக்கரின் தொண்டைக்குப் பார்க்கிறது.

டிஜே உலகத்துக்கு இதற்கென்று ஒரு சக்கரம் உண்டு. கேமலாட் என்று பெயர். கடிகாரம்போல 12 இலக்கம். மைனர் சுருதிகளுக்கு ஏ, மேஜருக்கு பி. எஃப் மைனர் 4ஏ, சி மைனர் 5ஏ, ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி. ஒரு பாட்டிலிருந்து அதே இலக்கத்துக்கோ பக்கத்து இலக்கத்துக்கோ போனால் சுரங்கள் ஒத்துப்போகும் என்பது விதி. மிக்ஸ்டு இன் கீ போன்ற மென்பொருள்கள் வந்தபிறகு, பாட்டைக் கொடுத்தால் இலக்கத்தை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். சங்கீதம் தெரிந்த நம்மவர்களுக்கு இந்தச் சக்கரம் ஒன்றும் அதிசயமில்லை. பக்கத்து இலக்கம் என்பது ஒரு பக்கம் பஞ்சமம், மறு பக்கம் மத்யமம். 8ஏயும் 8பியும் ஒரே சுரங்கள், ஸட்ஜம் மட்டும் வேறு: சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்தால் நடபைரவி வருகிறதே, அதே கிரகபேதம். என் ஒட்டுத்தாள் கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் எஃபில் மட்டும் தற்செயலாக ஒரே இலக்கம்: நாலு கட்டை, 4ஏ. அதை நம்பி அடுத்த படி வைத்தால் தொலைந்தோம். ஐந்து கட்டை ஜி, அது 6ஏ. 5ஏ என்பது ஒரு கட்டை. பழைய ஒட்டுத்தாளையும் புதிய சக்கரத்தையும் ஒரே இரவில் பயன்படுத்தி நான் சொதப்பிய நாட்கள் உண்டு.

ஆனால் மறக்க முடியாத சொதப்பல் அதற்கு முந்தியது. கிழக்கு லண்டனில் ஒரு நிலவறைக் கிளப், இரவு இரண்டு மணி. நான் போட்டுக்கொண்டிருந்த பாட்டு நிமிடத்துக்கு 174 அடி வேகம், உறையில் 4. அடுத்து எடுத்தது தொண்ணூறுகளின் நடுவில் வந்த ரெக்கார்டு, அதன் இயல்பான வேகம் 165, உறையில் அதுவும் 4. நாலும் நாலும், இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? வேகத்தை மாற்றும் பிட்ச் கம்பியை நகர்த்தி 174க்குக் கொண்டுவந்தேன். தாளம் அச்சாக நின்றது. டிராப்பில், பாட்டின் உச்சத்தில், இரண்டு பேஸையும் சேர்த்துத் திறந்தேன். அறை முழுக்க ஒரு துடிப்பு வந்தது, ஆனால் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத துடிப்பு. பெரிய வண்டியின் இன்ஜின் அணையும் முன் குலுங்குமே, அப்படி. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வினைலில் வேகத்தை ஏற்றினால் சுருதியும் கூடவே ஏறும். அரைக்கட்டை ஏற 5.95 சதவீதம் வேண்டும். 165ஐ 174 ஆக்குவது 5.45 சதவீதம். அதாவது நான் வீட்டில் கம்பியை நடுவில் வைத்துப் பார்த்து 4 என்று எழுதிய ரெக்கார்டு, கிளப்பில் கிட்டத்தட்ட நாலரைக்குப் போய்விட்டது. ஒரு பேஸ் 43.65 ஹெர்ட்ஸ், மற்றது 46. இரண்டு அதிர்வுகளும் சேர்ந்தும் பிரிந்தும் விநாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அடித்துக்கொண்டன. நான் கேட்ட குலுக்கல் அதுதான். ஒட்டுத்தாளில் எழுதியது பொய்யில்லை. எந்த வேகத்தில் என்று எழுதாததுதான் குற்றம். அதன்பிறகு எல்லா உறையிலும் இரண்டு இலக்கம்: நடுக்கம்பியில் இவ்வளவு, 174இல் இவ்வளவு. அதில் ஒரு லாபமும் வந்தது. மூன்று கட்டையில் கிடந்த பழைய 165 வேக ரெக்கார்டுகள் எல்லாம் 174இல் நாலுக்கு மிகக் கிட்ட வந்து நின்றன. எதோடும் சேராது என்று மூலையில் வைத்திருந்த ஐந்தாறு அருமையான பாட்டுகள் பெட்டிக்குள் திரும்பின.

இன்றைய டெக்கில் வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்துவைக்கும் பொத்தான் உண்டு, மாஸ்டர் டெம்போ. நல்ல வசதிதான். ஆனால் அதிகமாக இழுத்தால் ஸ்னேர் அடியின் முனை மழுங்கி, ஈரத்துணியால் அடித்ததுபோல ஆகிவிடுகிறது. ஓரிரண்டு சதவீதத்துக்குள் என்றால் நான் அதை அணைத்தே வைத்திருப்பேன். அந்த அளவு சுருதி விலகலைக் கூட்டம் மன்னிக்கும். செத்த ஸ்னேரை மன்னிக்காது.

இந்த இசையில் டபுள் டிராப் என்று ஒன்று இருப்பதால்தான் சுருதி இவ்வளவு முக்கியமாகிறது. இரண்டு பாட்டின் உச்சமும் ஒரே அடியில் வெடிக்க வேண்டும். ஆண்டி சி இதில் பேர்போனவர். மூன்று டெக்கில் அவர் கை போகும் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் பிடிபடாது. நான் செய்வது சாதாரணம். 174 வேகத்தில் நாலு அடி கொண்ட ஒரு பார் 1.38 விநாடி, 32 பார் 44 விநாடி. முதல் பாட்டின் இரண்டாவது டிராப்புக்கு 32 பார் இருக்கும்போது அடுத்ததை 'ஒன்றில்' விடுவேன், மிக்சரில் அதன் பேஸ் குமிழ் முழுக்க இடது பக்கம் மூடியிருக்கும். முதல் 16 பாரில் ஹைஹேட்டை மட்டும் மெதுவாக உள்ளே விடுவேன். அடுத்த எட்டில் நடுக் குமிழ். கடைசி எட்டில் என் இடது கைப் பெருவிரல் ஒரு பேஸ் குமிழிலும், வலது கை மற்றதிலும். டிராப்பில் ஒன்று மூட, மற்றது திறக்கும். இரண்டு பேஸும் சேர்ந்து ஓடலாமா என்றால், ஒரே சுரத்தில் நின்றால் நாலு பார் விட்டுப் பார்ப்பேன். இல்லாவிட்டால் ஒரு கணம்கூடக் கூடாது. கச்சேரியில் இரண்டு தம்புரா இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சமாசாரம்.

நான் இத்தனை வருடத்தில் கற்றது இந்த ஒன்றுதான்: ட்ரம் அண்ட் பேஸில் சப்-பேஸ்தான் தம்புரா. மேலே கீபோர்டு என்ன கோர்டு பிடித்தாலும், பாடகி எங்கே நின்று பாடினாலும், சப் எந்தச் சுரத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் ஸட்ஜம். மென்பொருள் அப்படிக் கேட்பதில்லை. அது எல்லாச் சுரங்களையும் எண்ணிக் கூட்டிப் பார்த்து ஒரு முடிவு சொல்கிறது. பெரும்பாலும் சரியாக வரும். வராதபோது என்ன ஆகும் என்பதை என்னுடைய சொந்த ரீமிக்ஸ் ஒன்றே எனக்குக் காட்டியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன நிறுவனம் எழுபதுகளின் சோல் பாட்டு ஒன்றை ட்ரம் அண்ட் பேஸாக மாற்றித் தரச் சொன்னது. பாடகியின் குரலை மட்டும் தனியாக அனுப்பினார்கள். வேகம் 85. நமக்கு வேண்டியது 174, அதில் பாதி 87, ஆகவே வேகத்தில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் சுருதியில். நாடாவில் பதிந்த குரல் எந்தக் கட்டையிலும் நேராக நிற்கவில்லை; பி சுரத்துக்குச் சற்றுக் கீழே, ஓர் அரைக்கட்டையை நூறு பங்கு போட்டால் நாற்பது பங்கு குறைவாகத் தொங்கியது. இரண்டு நாள் மென்பொருளால் இழுத்து நேராக்கப் பார்த்தேன். குரலில் இருந்த மூச்சு போய், தகர டப்பாவுக்குள் பாடியதுபோல ஆனது. மூன்றாம் நாள் அலுத்துப்போய், ஒரு வித்தையும் செய்யாமல், ரெக்கார்டைச் சுழற்றுவதுபோலச் சும்மா 85இலிருந்து 87க்கு வேகத்தை ஏற்றினேன். 2.35 சதவீதம். அது சுருதியில் ஏற்றியது சரியாக அந்த நாற்பது பங்கு. குரல் தானாக வந்து பி மைனரில் உட்கார்ந்தது. சாமி இருக்கிறார் என்று நான் நம்பிய சில தருணங்களில் அது ஒன்று.

அடுத்த தலைவலி பேஸ். பியின் தாழ்ந்த ஸ்தாயி 31 ஹெர்ட்ஸ், பல கிளப்பில் காணாமல் போகும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் 62, கனம் போய்விடும். குரலை வேறு கட்டைக்கு நகர்த்தினால் மறுபடி தகர டப்பா. அப்போதுதான் ரீச்சர் அக்காவுக்குக் கிரகபேதம் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. பாடகி பாடுவது பியை ஸட்ஜமாகக் கொண்ட நடபைரவிச் சுரங்கள். குரலைத் தொடாமல், அடியில் ஸட்ஜத்தை மட்டும் அதன் மத்யமத்துக்கு, ஈ சுரத்துக்கு மாற்றினால்? ஈ 41.2 ஹெர்ட்ஸ், பேஸ் பெட்டிக்கு அல்வா. மூன்று கட்டையில் சப்பை நிறுத்தினேன். ஒரு சுரம் மாற்றாமல் பாட்டின் முகமே மாறிவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் எழுந்து முற்றத்துக்கு வந்ததுபோல இருந்தது. அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு இந்த ட்ரம்ஸ் சத்தம் இன்றும் பிடிக்காது. ஒரு நிமிடம் பொறுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நடபைரவியெண்டல்லோ சொன்னனீ? இது கரகரப்பிரியா மாதிரியெல்லோ கிடக்கு."

கரகரப்பிரியாதான்.

டிஜேக்களுக்கு முன்கூட்டி அனுப்பும் கோப்பின் பெயரில் 9ஏ என்று போட்டேன், ஈ மைனர். பிரிஸ்டலில் இருக்கும் நண்பன் ஒருவன் ஒரு வாரம் கழித்துக் கோபமாகப் பேசினான். மென்பொருள் அதை 10ஏ, பி மைனர் என்று சொன்னதாம். நான்தான் தவறாக எழுதிவிட்டேன் என்று நினைத்து, விதிப்படி பக்கத்து 11ஏ பாட்டோடு டபுள் டிராப் போட்டிருக்கிறான். 11ஏ எஃப் ஷார்ப் மைனர். அதன் பேஸ் 46.25, என்னுடையது 41.2. விநாடிக்கு ஐந்து குலுக்கல். போதாததற்கு அந்தப் பாட்டின் கீபோர்டில் ஜி ஷார்ப் நீளமாகப் பிடித்திருக்க, என் பாட்டில் ஜி. காந்தாரம் ஒன்று, அதன் தலையில் ஏறி நிற்கும் இன்னொன்று. கூட்டம் என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் மென்பொருள் தவறு செய்ததா? சுரங்களை எண்ணிப் பார்த்தால் 10ஏ என்பது நியாயமான பதில்தான். குரல் முழுக்க அங்கேதான் நிற்கிறது. ஆனால் ஆடும் தளத்தில் நிற்கிறவனின் முழங்காலுக்குத் தெரிவது ஈ மட்டும். 9ஏ என்று வைத்து அவன் 9ஏக்கோ 10ஏக்கோ போயிருந்தால் தப்பியிருப்பான். அதிலும் ஒரு கண்ணி உண்டு, மறைக்கக் கூடாது: உண்மையான ஈ மைனர் பாட்டில் சி வரும், என்னுடையதில் சி ஷார்ப். அந்தச் சி நீளமாக ஒலிக்கும் இடத்தில் என் பாடகியை உள்ளே விட்டால் அங்கேயும் முட்டும். சக்கரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

சக்கரத்தையே பிடித்துக்கொண்டு நடக்கிற டிஜேக்களிடம் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு மணி நேரம் 4ஏ, 4ஏ, 5ஏ, 4ஏ என்று போனால் எங்கும் முட்டாது, எங்கும் நிமிராது. மூன்று மணி நேரக் கச்சேரி ஒரே சுருதியில் நடக்கிறதே, அது அலுக்கிறதா என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அங்கே ராகம் மாறுகிறது. நம் பெட்டியிலுள்ள பாட்டுகளில் பெரும்பாதி ஒரே நடபைரவி, ஆகவே இங்கே சுருதிதான் மாறியாக வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பேஸும் கோர்டும் இல்லாத வெறும் ட்ரம்ஸில் பாட்டை நிறுத்தி, எட்டுப் பார் ஓடவிட்டு, எங்கேயாவது தொலைவில் இருக்கும் இலக்கத்தில் புதிதாக இறங்குவேன். அரைக்கட்டை ஏறி இறங்கினால் கூட்டம் கத்தும். சக்கரத்தில் அது ஏழு எண் தள்ளி இருக்கிறது.

ரீமிக்ஸ் செய்து எங்களுக்கு அனுப்பும் தம்பி தங்கைகளிடம் கேட்பது இரண்டுதான். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 32 பார் வெறும் ட்ரம்ஸ் விடுங்கள். அங்கே கோர்டு வேண்டாம், பாடகி வேண்டாம், அந்த 44 விநாடி எங்களுடையது. கோப்பின் பெயரில் மென்பொருள் சொன்ன இலக்கத்தோடு, சப் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்த ரீமிக்ஸை நான் திரும்ப அனுப்பியபோது பெயரை மாற்றித்தான் அனுப்பினேன்: "10ஏ, பேஸ் ஈ". பிரிஸ்டல்காரன் இப்போது அதை ஒழுங்காகப் போடுகிறான்.